பூத்துப்போன கொப்பரை எங்கே போகுது?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. சோம்பேறித்தனம் பாதிக் காரணம். எங்க வீட்டுக் கதையும் இதுல வருதுங்கறது மீதிப் பாதி. எழுதினா எங்க ஆச்சியைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு ஒரு தயக்கம். ஆச்சி போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இருந்திருந்தா "எழுதுலே, நடந்ததத்தானே எழுதுக"ன்னு சொல்லியிருப்பா. அந்த தைரியத்துல எழுதறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. பழைய சங்கதிகளைத் தோண்டிப் படிக்கிற கிறுக்கு உள்ள ஆள், அவ்வளவுதான். பதிவு கொஞ்சம் நீளம். காப்பி போட்டு வச்சுக்கிட்டு வாசிங்க. (அந்தக் காப்பியைப் பத்தியும் கடைசியில பேசுவோம்!)

கொப்பரைக் கதை

ராஜாக்கமங்கலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஐப்பசி மாசம். தேங்காய் விலை அடிமட்டத்துல கிடந்ததால வெட்டிக் கொப்பரையாக்கிடலாம்னு மொட்டை மாடியில உணங்கப் போட்டோம். ரெண்டு நாள் நல்ல வெயில். மூணாம் நாள் பிடிச்ச மழை ஒரு வாரம் விடலை. தார்ப்பாய் போட்டு மூடினோம். நாலு நாள் கழிச்சுத் திறந்து பார்த்தா, கொப்பரை பூத்துப் போச்சு. சிலதுல வெள்ளை, சிலதுல கருப்பு. கணிசமானதுல மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பொடி, தொட்டா விரல்ல ஒட்டுது.

மழை விட்டதும் மறுபடி காயவச்சுத் துடைச்சு, வியாபாரியை வரச் சொன்னேன். மனுஷன் வந்து உக்காந்து, பேசிக்கிட்டே மூணு கூறாப் பிரிச்சார். கை கண்ணைக் கேக்காமலே வேலை செய்யுது. வெள்ளை ஒரு கூறு, லேசாக் கறுத்தது ஒரு கூறு, பச்சை பூத்தது ஒரு கூறு. மூணாவது கூறுக்கு விலை பாதிக்கும் கீழே.

"இதையும் எடுப்பீங்களா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். எடுக்க மாட்டாரு, கொட்டிட வேண்டியதுதான்னு நெனச்சிருந்தேன்.

"எடுக்காம பின்ன? எண்ணெய்க்குப் போவும். ஆட்டிட்டா பச்சை ஏது, வெள்ளை ஏது? புண்ணாக்கு மாட்டுக்குப் போவும். தேங்காயில எதுவுமே வீணாப் போவாது, பாத்துக்கிடுங்க."

ரூபாயை வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். நஷ்டம் கொஞ்சம் குறைஞ்சதேன்னு சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. "எதுவுமே வீணாப் போவாது"ங்கற சொல்லு மட்டும் ராத்திரி மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது. அதே மாதிரி மூணு கூறு பிரிக்கிறதை நான் சின்ன வயசுல வேற ஒரு இடத்துல பார்த்திருக்கேன்.

ஆச்சியின் மூணு கூறு

நம்ம ஊர்ல மழை எப்படின்னு வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லணும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனாலதான் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்தோட நெற்களஞ்சியமா இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம். கன்னி மாசம் (நம்ம புரட்டாசி) அறுக்கிறது கன்னிப்பூ, கும்ப மாசம் (மாசி) அறுக்கிறது கும்பப்பூ. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோட சேர்ந்த பிறகும் போகத்துக்கு மலையாள மாசத்துப் பேருதான்.

கும்பப்பூ அறுப்புக்கு வெயில் துணை இருக்கும். கன்னிப்பூதான் வம்பு. ஒரு மழை போய் அடுத்த மழை வர்றதுக்கு இடையில அறுத்து, அடிச்சு, காயப் போட்டு, பத்தாயத்துல ஏத்தணும். ரெண்டு நாள் வானம் ஏமாத்தினா களத்துலயே நெல்லு சூடேறி, ஒரு மாதிரி புழுங்கின வாடை வந்துடும்.

ஆச்சிக்கு நெல்லு காய்ஞ்சாச்சான்னு பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு மணியை எடுத்துப் பல்லுல கடிப்பா. டக்குன்னு ரெண்டா ஒடிஞ்சா பத்தாயத்துக்குப் போகலாம். நசுங்கினா இன்னும் ஒரு வெயில். இன்னைக்கு விஞ்ஞானிங்க சொல்ற கணக்கு, நெல்லுல ஈரம் 14 சதவீதத்துக்கு மேல இருந்தா சேமிக்கக் கூடாதுங்கறது. ஆச்சியோட பல்லுக்கு அது தெரிஞ்சிருந்தது.

இது பெருமையான பகுதி. அடுத்தது பெருமை இல்லாத பகுதி.

மழையில மாட்டின வருஷம் ஆச்சி நெல்லை மூணு கூறாப் பிரிப்பா. நல்லது பத்தாயத்துக்கு. சுமாரானது விக்கறதுக்கு. வாடை வந்து, உமியில கருப்பும் பச்சையும் படர்ந்தது மூணாவது கூறு. அது கூலி நெல்லு. வயல்ல வேலை செஞ்ச பெண்டுகளுக்கு அளந்து போடறதுக்கு. அதுல ஒருத்தி ஒரு தடவை கைநிறைய அள்ளி மோந்து பார்த்துட்டு, "அம்மா, இது நாறுகே"ன்னு கேட்டா. ஆச்சி சொன்ன பதில் அப்படியே காதுல இருக்கு: "அவிச்சுக் குத்தினா எல்லாம் செரியாயிரும் பிள்ளே."

அந்தப் பெண் ஒண்ணும் சொல்லாம முந்தியில வாங்கிக்கிட்டுப் போனா. ஆச்சி கெட்டவ இல்லை. பசின்னு வந்த யாரையும் திருப்பி அனுப்பினதில்லை. அவிச்சா சரியாயிடும்னு நிஜமாவே நம்பினா. ஆனா அந்த நெல்லை அவிச்சு நாங்க தின்னதில்லை. அதுதான் உறுத்துது.

பாதிரியார் பேர் வச்ச பூஞ்சை

சரி, அந்த மஞ்சள் பச்சைப் பொடி என்னன்னு பார்ப்போம். 1729-ல் இத்தாலியில மிச்சேலி-ன்னு ஒரு பாதிரியார், தாவரவியல்லயும் பெரிய ஆள், நுண்ணோக்கியில பூஞ்சையைப் பார்க்கிறார். காம்பு மேல உருண்டைத் தலை, அதைச் சுத்தித் துளித்துளியா விதை. கோயில்ல தீர்த்தம் தெளிக்கிற கருவி மாதிரியே இருக்கேன்னு அந்தக் கருவியோட பேரையே வச்சுட்டார்: ஆஸ்பர்ஜில்லஸ். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போனவங்களுக்கு அந்தக் கருவி தெரிஞ்சிருக்கும். அந்தக் குடும்பத்துல மஞ்சள் பச்சையா வர்றவன் பேரு ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்.

பேர் வச்சு 230 வருஷம் அது ஒரு சாதாரணப் பூஞ்சை. 1960-ல் இங்கிலாந்துல சில மாசத்துக்குள்ள ஒரு லட்சம் வான்கோழிங்க செத்து விழுது. கிருமி இல்லை, தொத்தலை, என்ன நோய்னே தெரியலை. 'வான்கோழி எக்ஸ் நோய்'னு பேர் வச்சாங்க. தேடிப் பார்த்தா எல்லாத்துக்கும் பொதுவா இருந்தது தீவனம். அதுல கலந்திருந்தது பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. புண்ணாக்குல இருந்தது இந்த ஃபிளேவஸ் விட்டுட்டுப் போன விஷம். பூஞ்சையோட பேரைச் சுருக்கி அஃப்ளாடாக்சின்-னு பேரு வச்சாங்க.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பூஞ்சை செத்த பிறகும் விஷம் நிக்கும். துடைச்சாப் பொடி போகும், உள்ள இறங்கினது போகாது. கொதிக்கிற தண்ணி அதை ஒண்ணும் செய்யாது, அது சிதையறதுக்கு 200 டிகிரிக்கு மேல சூடு வேணும். ஆச்சியோட "அவிச்சா செரியாயிரும்" அங்கேயே அடிபட்டுப் போச்சு. ரெண்டாவது, விஷம் எண்ணெயில கொஞ்சம்தான் போகும். பெரும்பங்கு புண்ணாக்குலதான் தங்கும். வியாபாரி அண்ணாச்சி சொன்னதை இப்போ நெனச்சுப் பாருங்க.

மைசூர்க் குழந்தைகள்

வான்கோழிக்கு வந்தது மனுஷனுக்கு வருமான்னு அப்போ பெரிய கேள்வி. அதுக்கு ஒரு பதில் நம்ம பக்கத்துல மைசூர்ல இருந்து வந்தது, யாரும் விரும்பாத விதத்துல.

1960-கள்ல ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம் பத்தலை, மலிவான கடலை மாவு கொடுத்துத் தேத்தலாம்னு உலகம் பூரா ஒரு திட்டம். மைசூர்ல புரதக் குறைபாட்டால உடம்பு வீங்கிப் போயிருந்த குழந்தைகளுக்கு அந்த மாவு கொடுத்தாங்க. அதுல அஃப்ளாடாக்சின் இருந்தது பிறகுதான் தெரிஞ்சது. கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் அளவுக்கு. அந்தக் குழந்தைகள்ல பலருக்கு ஈரல் கெட்டுப் போனதை 1971-ல் ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. தேத்தறதுக்குக் கொடுத்த சாப்பாடு அது.

இந்த மாதிரிக் கடலை மாவுக்குன்னே ஐ.நா. அமைப்புகளோட புரத ஆலோசனைக் குழு ஒரு வரம்பு வச்சது: கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். அப்படின்னா ஒரு டன் கடலைக்கு 30 மில்லிகிராம். ஒரு டன்னுக்கு ஒண்ணரை அரிசி எடைன்னு வச்சுக்குங்களேன். இந்தியாவுல உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துலயும் ரொம்ப வருஷம் இதே 30-தான் இருந்தது. இப்போ தானியத்துக்கும் பருப்புக்கும் 15. ஐரோப்பாவுல நேரடியாச் சாப்பிடற தானியத்துக்கு 4. நாக்குக்கும் மூக்குக்கும் எட்டாத கணக்கு இது. பரிசோதனைச் சாலைக்கு மட்டும்தான் தெரியும்.

1974: நாய்கள் முதல்ல செத்தன

இப்போ இந்தப் பதிவோட மையத்துக்கு வர்றேன். ராஜஸ்தான்ல பான்ஸ்வாடா, அதை ஒட்டி குஜராத்ல பஞ்சமகால். பீல் பழங்குடி மக்கள் நிறைய இருக்கிற மலைக்காட்டுப் பக்கம். சோளம்னா அங்க மக்காச்சோளம். காலையும் அதுதான், ராத்திரியும் அதுதான், நமக்கு அரிசி மாதிரி.

1974-ல் அறுப்பு நேரத்துல பருவம் தப்பின மழை. கதிர் நனைஞ்சு போச்சு. அதை அப்படியே கூட்டி வீட்டுக்குள்ள போட்டாங்க. வேற என்ன செய்யதுக்கு? அக்டோபர் வாக்குல ஆரம்பிச்சு வருஷக் கடைசி வரைக்கும் கிராமம் கிராமமா ஆளுங்களுக்குக் கண்ணு மஞ்சளாகுது, வயித்துல தண்ணி கோத்து வீங்குது. 200-க்கு மேல கிராமங்கள். கணக்கு எடுத்தவங்க பார்த்த 397 நோயாளிகள்ல 106 பேர் இறந்துட்டாங்க.

மஞ்சள் காமாலைன்னா தண்ணியால வர்ற தொத்துன்னுதான் முதல்ல யாருக்கும் தோணும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துல இருந்து கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் முதலான விஞ்ஞானிங்க போய்ப் பார்த்தாங்க. அவங்க விசாரிச்சதுல ஒரு விஷயம் தெரிஞ்சது: வீட்டுல மனுஷனுக்கு வந்த அதே வயித்து வீக்கம் அந்த வீட்டு நாய்களுக்கும் வந்து செத்திருக்கு. அந்த வீட்டு ரொட்டியைத் தின்ன நாய்ங்க அது. அப்போ தண்ணி இல்லை, தொத்து இல்லை, தட்டுலதான் இருக்கு விஷயம்.

சோளத்தைப் பரிசோதிச்சா அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 6,000-ல் இருந்து 15,000 மைக்ரோகிராம் வரை. மேல சொன்ன 30-ங்கற வரம்போட ஒப்பிட்டா 200 மடங்குல இருந்து 500 மடங்கு. ஒரு ஆளு தினமும் 2 முதல் 6 மில்லிகிராம் வரை பல வாரமாத் தின்னிருக்கலாம்னு கணக்குப் போட்டாங்க. 1975-ல் மருத்துவ இதழ் லான்செட்ல இது வெளிவந்தது. அடுத்த வருஷம் மழை ஒழுங்கா இருந்தது, சோளம் காய்ஞ்சது, நோய் திரும்பி வரலை. மருந்து எதுவும் கண்டுபிடிக்கலை. வெயில் அடிச்சது, அவ்வளவுதான்.

அந்தச் சோளம் பூத்திருந்தது கண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சிருக்கும். எங்க வயல்ல கைநிறைய அள்ளி மோந்து பார்த்தவளுக்குத் தெரிஞ்ச மாதிரி. தெரிஞ்சும் தின்னதுக்குக் காரணம் அறியாமை இல்லை. வீட்டுல வேற கூறு இல்லை. மூணாவது கூறு மட்டும்தான் இருந்தது.

1995-ல் தக்காணத்துலயும் இதே கதை. அறுப்பு நேரத்துல மழை, நனைஞ்ச சோளமும் மக்காச்சோளமும். அதுல ஃபியூமோனிசின்-னு இன்னொரு பூஞ்சை விஷம். 27 கிராமங்கள்ல வயித்துவலி, வயித்துப்போக்கு. நல்லவேளை யாரும் சாகலை, அந்தத் தானியத்தை நிறுத்தினதும் குணமாயிட்டாங்க. அங்கயும் பாதிக்கப்பட்டவங்க வேற தானியம் வாங்க வழியில்லாத கூலிக்காரங்க.

"முன்னோர்களுக்குத் தெரியாதா?"

பின்னூட்டத்துல யாராவது இதைக் கேப்பாங்கன்னு தெரியும் :-) அதனால முன்கூட்டியே சொல்லிடறேன். உடனே கொல்ற, உடனே மயக்கற விஷம் முன்னோர்களுக்கு நல்லாவே தெரியும். வரகுல பூஞ்சை பிடிச்சா தின்னவனுக்குத் தலை சுத்தும், நடுங்கும். அதுக்கு 'கிறுக்கு வரகு'ன்னு தமிழ்ல பேரே இருக்கு. அந்தக் கிறுக்குக்குக் காரணம் சைக்ளோபியசோனிக் அமிலம்-ங்கற பூஞ்சை விஷம்னு விஞ்ஞானிங்க 1980-கள்லதான் சொன்னாங்க. 2024 அக்டோபர் கடைசியில மத்தியப் பிரதேசம் பாந்தவ்கர் காட்டுல 10 யானைங்க வரகு வயலுக்குள்ள புகுந்து மேய்ஞ்சு செத்துப் போச்சே, அதுங்க உடம்புல கிடைச்சதும் இதே விஷம்தான்.

அஃப்ளாடாக்சின் அப்படி இல்லை. பான்ஸ்வாடா மாதிரி மொத்தமா ஏறினாத்தான் அது முகத்தைக் காட்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா எதுவும் தெரியாது. இருபது, முப்பது வருஷம் கழிச்சு ஈரல்ல புற்றுநோயா வரும். இது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியா வகைப்படுத்தியிருக்கு. ஏற்கனவே ஹெபடைடிஸ் பி இருக்கிறவங்களுக்கு இந்த விஷமும் சேர்ந்தா ஆபத்து பல மடங்கு பெருகும்னு 1992-ல் ஷாங்காய்ல நடந்த ஆய்வு காட்டினது. தின்னதுக்கும் செத்ததுக்கும் நடுவுல முப்பது வருஷம் இருந்தா எந்தக் கிழவி பேர் வைப்பா? அதனாலதான் இதுக்குத் தமிழ்ல பேர் இல்லை.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஆட்டின எண்ணெயைப் பரந்த பாத்திரத்துல வெயில்ல வைக்கிற வழக்கம் நம்ம வீடுகள்ல உண்டே, ஈரம் போறதுக்குன்னு. வெயில் பட்டா எண்ணெயில உள்ள அஃப்ளாடாக்சின் பெருமளவு சிதைஞ்சுடும்னு மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கடலை எண்ணெயில செஞ்சு காட்டியிருக்காங்க. ஆச்சிகளுக்கு அங்க ஒரு மார்க் போட்டுடலாம். புண்ணாக்குக்கு அந்த வைத்தியம் கிடையாது.

பர்மா அரிசி

இந்த இடத்துல ஜப்பானுக்கு ஒரு நடை போயிட்டு வரணும். காரணம் பர்மா அரிசி. ஒரு காலத்துல திருவிதாங்கூர் பாதி வயித்தை அதுதான் நிரப்புச்சு. 1942-ல் பர்மா ஜப்பான்கிட்ட விழுந்து கப்பல் நின்னதும், நம்ம ஆளுங்களைக் காப்பாத்தினது விசாகம் திருநாள் மகாராஜா காலத்துல பரவின மரச்சீனிக் கிழங்குதான்.

யுத்தம் முடிஞ்சு ஜப்பானுக்கே பஞ்சம். அவங்களும் பர்மாவுல இருந்து அரிசி இறக்கினாங்க. 1951 கடைசியில வந்த அரிசியில பூஞ்சை பிடிச்சு மஞ்சளாகிப் போனது தெரிஞ்சது. ஜப்பானியருக்கு இந்த மஞ்சள் அரிசி புதுசு இல்லை. 1891-லயே சகாக்கி-ங்கற ஆய்வாளர் பூத்த அரிசியோட சாறு பிராணிகளை முடக்கிப் போடறதைக் காட்டியிருக்கார். இருந்தும் அரசாங்கம் வரம்பைத் தளர்த்தி அந்த அரிசியை ரேஷன்ல தள்ளிடலாம்னு பார்த்தது. 1954-ல் மக்களும் பத்திரிகைகளும் பெரிய ரகளை செஞ்சாங்க. திட்டம் நின்னு போச்சு.

பான்ஸ்வாடாவுக்கும் ஜப்பானுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பூஞ்சையில இல்லை. "இது எங்களுக்கு வேண்டாம்"னு சொல்ல ஒருத்தனால முடிஞ்சது, இன்னொருத்தனால முடியலை. அதுதான் வித்தியாசம்.

காப்பிக்கு வருவோம்

இவ்வளவும் படிச்ச பிறகு எனக்குப் புரிஞ்சது இது. சந்தையில பூத்த சரக்குன்னு எதுவும் தூக்கிப் போடப்படறதில்லை. விலை குறையுது, அவ்வளவுதான். விலை குறையக் குறைய அது கீழ இறங்குது. நல்லது ஏற்றுமதிக்கோ பத்தாயத்துக்கோ போகும். அடுத்தது கடைக்கு. அடுத்தது கூலிக்கு. அதுக்கும் கீழ மாட்டுக்கும் கோழிக்கும். வடசேரி கனகமூலம் சந்தையோ, கோட்டாறு கடைத்தெருவோ, லண்டன் துறைமுகமோ, கணக்கு ஒண்ணுதான். விஷம் விலையைப் பிடிச்சுக்கிட்டு கீழ இறங்கும்.

அது கடைசிப் படியில போய் நின்னுடும்னு நெனச்சா அங்கதான் தப்பு. மாடு புண்ணாக்கைத் தின்னா, அதுல இருக்கிற அஃப்ளாடாக்சின்ல ஒரு சின்னப் பங்கு, சுமாரா நூத்துல ஒண்ணுல இருந்து ஆறு வரை, வேற உருவத்துல பால்ல வந்துடும். பால்ல வர்றதால அதுக்கு எம்1-னு பேரு. காய்ச்சினாப் போகாது. மோராக்கினாலும் போகாது.

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு பூரா 1,103 ஊர்கள்ல 6,432 பால் மாதிரி எடுத்துப் பரிசோதிச்சது. 2019 அக்டோபர்ல முடிவு வந்தது. எல்லாரும் பயந்தது தண்ணி கலப்படம், யூரியா கலப்படத்துக்கு. பாதுகாப்பைக் கெடுக்கிற கலப்படம் வெறும் 12 மாதிரியில. வரம்புக்கு (கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்) மேல எம்1 இருந்ததோ 368 மாதிரியில. அதுல முதல் இடம் யாருக்குத் தெரியுமா? நமக்குத்தான். தமிழ்நாட்டுல எடுத்த 551-ல் 88. அடுத்து டெல்லி, கேரளா. இன்னொரு வேடிக்கை, பதப்படுத்தின பால்ல 2,607-க்கு 227, கறந்த பால்ல 3,825-க்கு 141. பாக்கெட் பால்தான் பத்திரம்னு நெனச்சிருந்த எனக்கு இது நல்ல அடி. பதப்படுத்தற சூடு கிருமியைக் கொல்லும், இதைக் கொல்லாது. காரணம் தீவனம்னு ஆணையமே சொன்னது.

இது மாநிலத்துக்கான கணக்கு, எங்க ஊர்க் கணக்கு இல்லை. ஒரு டம்ளர் பால்ல ஈரல் கெட்டுடும்னும் அர்த்தம் இல்லை, அதனால காப்பியைக் கொட்டிடாதீங்க. ஆனா அன்னைக்கு வியாபாரிகிட்ட நான் வித்த மூணாவது கூறு செக்குக்குப் போய், புண்ணாக்காகி, ஏதோ ஒரு தொழுவத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து விடியக்காலம் கேன்ல ஏறி ஏதோ ஒரு வீட்டுக்கு வந்திருக்கும். அந்த வீட்டுல பால்குடி பிள்ளை இருந்திருக்கலாம். ஏன், எங்க வீடாவே இருந்திருக்கலாம். "எதுவுமே வீணாப் போவாது." அண்ணாச்சி சொன்னது முழு உண்மை.

இந்த வருஷம்

தீர்வுன்னு பெரிசா ஒண்ணும் இல்லை. பூஞ்சைக்கு ஈரம் வேணும். பச்சைத் தேங்காய்ப் பருப்புல பாதிக்குப் பாதி ஈரம், அதை 6, 7 சதவீதத்துக்குச் சீக்கிரம் இறக்கணும். வெயிலை நம்பினா ஒரு வாரம், மழை வந்தா கோவிந்தா. காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சிரட்டையை எரிச்சுக் கொப்பரை காயவைக்கிற உலர்ப்பான் வடிவமைச்சிருக்கு. சிரட்டை நம்மகிட்ட இல்லாத பொருளா? நாங்க நாலு வீடு சேர்ந்து ஒண்ணு வாங்கினோம்.

ஆனாலும் போன ஐப்பசியில ரெண்டு நாள் கவனிக்காம விட்டதுல பதினஞ்சு கிலோவுக்குப் பச்சை பூத்துப் போச்சு. வியாபாரி வந்தார், வழக்கம்போல மூணு கூறு பிரிச்சார். மூணாவதை எடுத்து நான் தனியா வச்சேன். "அது தரலை அண்ணாச்சி"ன்னேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "ரூவா கசக்குதா சார்?"ன்னார். அன்னைக்குச் சாயங்காலம் தோப்புல குழி வெட்டிப் புதைச்சேன். வீட்டுல ரெண்டு நாள் பேச்சு வாங்கினேன்.

பதினஞ்சு கிலோவைப் புதைச்சதால நாட்டுல பால் சுத்தமாயிடாது, எனக்கும் தெரியும். நாலு வீட்டுக்காரன் உலர்ப்பான் வாங்க முடியுது, நஷ்டத்தைத் தாங்க முடியுது, புதைக்க முடியுது. நாலு தென்னை மட்டும் வச்சிருக்கிறவன் புதைப்பானா? அவன்கிட்ட நல்லுபதேசம் பேசற யோக்கியதை எனக்கு இல்லை. பூத்த சரக்கை வாங்கி அழிக்கிறதுக்கு ஒரு விலை கிடைச்சா அவனும் கொடுப்பான். அது என்னால ஆகிற காரியம் இல்லை, அரசாங்கமும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்ய வேண்டியது.

குழியை மூடறப்போ அந்த "அம்மா, இது நாறுகே" ஞாபகம் வந்தது. அந்தப் பெண் எப்போ, எதனால செத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை. ஆச்சி எண்பத்தாறு வயசு வரை இருந்தா.

உங்க ஊர்ப்பக்கம் நனைஞ்ச தானியத்தை, பூத்த கடலையை என்ன செய்வாங்க? யாருக்குக் கொடுப்பாங்க? கூச்சப்படாம பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் சொல்லிட்டேன்.